சுண்ணாம்புக் கோட்டு வீடு

போன வாரம் மவுண்ட் ரோடு ஆபீஸில் கொடுத்த வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்த பாஸ்கலை வீட்டில் இதுவரை யாரும் திட்டவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. அவன் அப்பா சவரிநாதனின் வீட்டில் ஒருவர் வாயை மூடிக்கொண்டிருந்தால், திட்டுவதை மொத்தமாகச் சேர்த்து வைக்கிறார் என்று அர்த்தம்.

இத்தனைக்கும் வேண்டாமென்று சொல்லச் சொன்னவரே சவரிநாதன்தான்.

"எவனோ பேரு வாங்க நீ குந்திகினு கோடு இழுப்பியா? நம்ம சௌக்கத் பாய் திருவொத்தியூர்ல வூடு கட்றாரு. அத்த நீ கட்டு. அப்பால பாரு, மவுண்ட் ரோடே உன்னியத் தேடிகினு ராயபுரம் வரும்" என்றார்.

ஆர்க்கிடெக்ட் படிப்பு முடித்து, பட்டம் வாங்கின கறுப்பு அங்கியின் வாடகை வாசனைகூட இன்னும் போகாத பாஸ்கல் நம்பிவிட்டான். நம்புகிற மாதிரி பேசுவது சவரிநாதனுக்குத் தொழில். ஹார்பரில் வந்து நிற்கிற கப்பல்களுக்குக் கத்தரிக்காய் முதல் கயிறு வரை சப்ளை செய்கிறவர். முந்தாநாள் கத்தரிக்காயை இன்று காலையில் பறித்தது என்று கிரேக்கக் கேப்டனையே நம்ப வைத்தவருக்குப் பெற்ற பிள்ளை எம்மாத்திரம்?

இன்றைக்கு மார்க்கிங்.

அதாவது, காகிதத்தில் போட்ட வீட்டை மண்ணில் போட்டுப் பார்ப்பது. முளை அடித்து, நூல் கட்டி, நூலோடு நூலாகச் சுண்ணாம்புப் பொடி தூவி, இது ஹால், இது சமையலறை என்று தரையில் கோடு போடுவார்கள். கோட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர்கள் தலையாட்டினால் கடப்பாரை இறங்கும்.

"தலையாட்டாட்டி இன்னாண்ணே ஆவும்?" என்று கேட்டாள் தங்கை பிலோமி. டைப்ரைட்டிங் கிளாசுக்கு மட்டம் போட்டுவிட்டு அவளும் கிளம்பிக்கொண்டிருந்தாள். சௌக்கத் அலியின் மனைவி கோஷாப் பெண்மணி. அந்நிய ஆண்கள் முன்னால் வர மாட்டார். அவருக்குப் படத்தைக் காட்டி விளக்க ஒரு பெண்பிள்ளை வேண்டியிருந்தது.

"ஆட்டாட்டி தண்டபாணி கட்டுவாரு. எனக்கு ஒண்ணும் கிடையாது. மவுண்ட் ரோடும் போச்சு, இதுவும் போச்சு."

சௌக்கத் அலி அதைத் தெளிவாகவே சொல்லியிருந்தார். 'சவரி புள்ளையாச்சேன்னு குடுத்துப் பாக்கறேன். வூட்டுல வந்து பாத்துட்டு சரின்னா சரி. இல்லாங்காட்டி காண்ட்ராக்டர் தண்டபாணியே கட்டிக்கட்டும். அவனுக்குப் படம் கிடம் ஒண்ணும் வாணாம்.'

அம்மா வியாகுலம்மாள் இட்லித் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நாலைந்து நாளாக அவளுக்கு ஒரு சந்தேகம்.

"ஏன்டா, கொத்தனாரை வச்சு வேலை வாங்கறது தண்டபாணி. சிமிட்டி, செங்கல்லு பாக்கறதும் அவரு. பஞ்சாயத்து ஆபீசுக்குக் கையெழுத்துப் போடறதுக்கு வேற ஒரு இன்ஜினியரு கீறாரு. அப்ப நீ இன்னாதான் பண்ற?"

"நான் யோசிக்கிறேம்மா."

"அதுக்கா இத்தினி வருசம் படிச்ச?"

பாஸ்கல் இட்லியைப் பார்த்தான். அம்மா கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டாள். அவனுக்கும் நிஜமாகவே பதில் தெரியவில்லை. கல்லூரியில் இருந்தவரை தெரிந்த மாதிரிதான் இருந்தது. ராயபுரம் வந்ததும் மறந்துவிட்டது.

வாசலில் சவரிநாதன், பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்த யாரோ ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எம் புள்ளையா? ஆர்க்கிடெக்ட்டு. இன்ஜினியருக்கு மேல."

போன ஞாயிற்றுக்கிழமை அது 'டாக்டருக்குச் சமானம்' என்று இருந்தது. மார்க்கெட் நிலவரத்தைப் பொறுத்து ஏறி இறங்கும்.

*

திருவொற்றியூரில் தீப்பெட்டி ஃபாக்டரி தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கி, கடல் பக்கமாக நடந்தார்கள். எண்ணூரில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த மின்சார நிலையத்துக்குச் சாமான் ஏற்றிப்போகிற லாரிகள் தூசியைக் கிளப்பிவிட்டுப் போயின. பாஸ்கல் கக்கத்தில் சுருட்டிய புளூபிரிண்ட். பிலோமி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

மனை வேலியோரத்தில் சௌக்கத் அலி குடை பிடித்துக்கொண்டு நின்றார். தண்டையார்பேட்டையில் பழைய மர வியாபாரம் அவருக்கு. கப்பலில் சரக்குக்கு அடியில் போட்டு வருகிற மரத்தை ஏலத்தில் எடுத்து, அதை வடசென்னை முழுவதும் கதவாகவும் கட்டிலாகவும் ஆக்கியவர். ஹார்பர் கேட்டில் ஆரம்பித்த சிநேகிதம் அவருக்கும் சவரிநாதனுக்கும். ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்றப் பார்த்து, முடியாமல், சிநேகிதர்களாகிவிட்டவர்கள்.

பக்கத்தில் தண்டபாணி. காதில் பென்சில், கையில் டேப். விடியற்காலையிலேயே ஆட்களோடு வந்து, படத்தில் உள்ளபடி கோடு போட்டு முடித்திருந்தார். அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

சௌக்கத் அலி கோட்டைத் தாண்டி உள்ளே போய் நின்றார்.

"இது இன்னா, கோழிக் கூடா?"

"ஹாலு மாமா" என்றான் பாஸ்கல்.

"ஹாலா! நான் இங்க படுத்தேன்னா என் காலு அடுத்த வூட்டுக்காரன் மூஞ்சில இடிக்கும்."

வெட்டவெளியில் போட்ட கோடு எப்போதும் சின்னதாகத்தான் தெரியும். மேலே வானம், பக்கத்தில் கடல். அவற்றோடு போட்டி போட்டால் அரண்மனைகூடத் தீப்பெட்டிதான். இதைப் பாஸ்கலுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சௌக்கத் அலிக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"சுவரு எழும்பினா பெருசாத் தெரியும் மாமா. இப்ப வெறும் கோடுங்கறதால..."

"இரு, இரு. சவரி, நீ இருபதடி ஹாலுன்னு சொன்ன. இது இருபதா? தண்டபாணி, டேப்ப புடி."

தண்டபாணி டேப்பைப் பிடித்தார். அவசரமே படாமல், ஒரு முனையை ஆளிடம் கொடுத்து, மறுமுனையைக் கோட்டில் வைத்து, குனிந்து, கண்ணைச் சுருக்கி, நிமிர்ந்தார்.

"பதினாறு பாய்."

பாஸ்கல் அப்பாவைப் பார்த்தான். அப்பா கடலைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து பார்க்கிற கடல். அன்றைக்குத்தான் முதல் முறை பார்ப்பவர்போல அவ்வளவு அக்கறை.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சவரிநாதனின் உலகத்தில் எந்தச் சரக்குக்கும் இரண்டு அளவு உண்டு. சொல்கிற அளவு ஒன்று, கொடுக்கிற அளவு ஒன்று. நடுவில் இருக்கிற இடைவெளிக்குப் பெயர் மரியாதை. வாங்குகிறவர் குறைத்துக் கேட்பார். இவர் தலையில் அடித்துக்கொள்வார், கர்த்தரைக் கூப்பிடுவார். அப்புறம் இரண்டு பேரும் நடுவழியில் சந்தித்துச் சிரித்துக்கொள்வார்கள். எடுத்த எடுப்பில் உள்ளதை உள்ளபடி சொல்வது அந்த உலகத்தில் அவமரியாதை. எதிராளியைப் பேரம் பேசத் தெரியாதவன் என்று சொல்வதற்குச் சமம்.

அந்த வழக்கத்தில், மகன் பதினாறு என்று வரைந்த ஹாலை அவர் இருபது என்று சொல்லி வைத்திருந்தார். பாய் குறைப்பார், பதினாறில் வந்து நிற்கும், எல்லாருக்கும் சந்தோஷம்.

ஆனால் சௌக்கத் அலி அன்று குறைக்கவில்லை. இத்தனை வருஷச் சிநேகிதத்தில் முதல் முறையாக, சவரி மகன் போடுகிற வீடாயிற்றே என்று, சொன்னதைச் சொன்னபடி ஏற்றுக்கொண்டு போய்விட்டார். படத்தில் பதினாறு என்று போட்டுத்தான் இருந்தது. ஆனால் அவர் சரக்கைப் பார்த்து வாங்குகிற மனிதர். காகிதத்தில் எழுதியிருப்பதை என்றைக்குப் படித்தார்?

பாஸ்கல் அப்பாவை வேலியோரம் தள்ளிக்கொண்டு போனான்.

"நைனா, இருபதுன்னா சொன்ன?"

"சொல்லும்போது ஒரு நாலடி ஏத்தித்தான்டா சொல்லணும். அவரு கொறைப்பாருன்னு பாத்தேன்."

"கொறைக்கலையா?"

"கொறைக்கல. அன்னிக்கு இன்னா மூடுல இருந்தாரோ."

"வூட்டைப் போயி ஏத்திச் சொல்வாங்களா? இது இன்னா கத்திரிக்காயா?"

"கத்திரிக்கான்னா எடையில சரிக்கட்டி இருப்பேன்டா" என்றார் சவரிநாதன் உண்மையான வருத்தத்தோடு. பிறகு குரலைத் தாழ்த்தி, "நாலடி நீட்டிப் போட முடியாதா?"

"நீட்டினா நடு முத்தம் போயிடும். அடுப்படிக்கு வெளிச்சம் இருக்காது. வூடே இருட்டாயிடும்."

"பாய் என்னிய நம்புனது ஒரே ஒரு வாட்டிடா. அந்த ஒரு வாட்டியும்..." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பாஸ்கல் மனசுக்குள் கணக்குப் போட்டான். அப்பா ஏற்றிச் சொன்னார் என்று உண்மையைச் சொன்னால் வீடு பிழைக்கலாம். அந்தச் சிநேகிதம் பிழைக்காது. நான்தான் தப்பாகப் போட்டேன் என்றால் சிநேகிதம் பிழைக்கும். அளக்கத் தெரியாத ஆர்க்கிடெக்டை வைத்துக்கொண்டு யார் வீடு கட்டுவார்கள்? கணக்கு எப்படிப் போட்டாலும் ஒரு பக்கம் உதைத்தது.

"இன்னா சவரி, அப்பனும் புள்ளையும் கூடிக் கூடிப் பேசறீங்க?" என்று சௌக்கத் அலி கேட்கவும், ரோட்டில் ஜட்கா வந்து நிற்கவும் சரியாக இருந்தது. இரண்டு பக்கமும் படுதா தொங்குகிற ஜட்கா.

"அப்பால பேசிக்கலாம். வூட்டுல வந்துட்டாங்க. ஆம்பளைங்க எல்லாம் ரோட்டாண்ட போங்க! தண்டபாணி, மறைப்பு கட்டுப்பா."

ஜட்காவிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. வீட்டிலுள்ள போர்வைகள், ஜன்னல் படுதாக்கள், பெட்ஷீட்டுகள் எல்லாம் அதில் இருந்தன. தண்டபாணியின் ஆட்கள் சவுக்குக் கழிகளை வேலி ஓரமாக ஊன்ற ஆரம்பித்தார்கள். மனையைச் சுற்றிக் கட்டத் துணி போதவில்லை. அப்போதுதான் பிலோமி சொன்னாள்: "சுவரு வர்ற எடத்துலயே கட்டுங்களேன். கோட்டோடவே. அவங்க வூட்டைத்தானே பாக்கணும், வேலியை இல்லியே."

கோட்டோடு கட்டினார்கள். வாசல் வருகிற இடங்களில், அந்த அம்மாளுக்குப் புரிய வேண்டும் என்று, பாஸ்கல் கோடு போடாமல் விடச் சொல்லியிருந்தான். அங்கே துணியும் கட்டாமல் விட்டார்கள். ஆட்கள் விலகியதும் ஜட்கா பின்னுக்கு நகர்ந்து வாசலை ஒட்டி நின்றது. யாரோ இறங்குகிற சத்தம், வளையல் சத்தம், பிலோமியின் சிரிப்பு.

ரோட்டோரம் நின்ற பாஸ்கல் நிமிர்ந்து பார்த்தான்.

வீடு நின்றது.

பூப்போட்ட சுவர், கோடு போட்ட சுவர், சாயம் போன ரோஜா நிறச் சுவர். ஹால் சின்னதாக இல்லை. அதற்குள் யாரோ நடக்கிறார்கள் என்பது நிழலில் தெரிந்தது, நடந்துகொண்டே இருந்தார்கள். தென்கிழக்கேயிருந்து கடல் காற்று கிளம்பி வந்து பக்கச் சுவரைத் தள்ளியது. பக்க வாசல் வழியாக நுழைந்தது. முற்றத்தைக் கடந்து சமையலறைப் படுதாவைப் பாய் மாதிரி உப்ப வைத்தது. அவன் போர்டில் பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டிருந்தானே, காற்று இப்படிப் போகும் என்று, அதே வழியாகத்தான் போனது.

அம்மாவிடம் காலையில் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான் என்று தோன்றியது. ஆனால் இதை எப்படிச் சொல்வது? 'நான் காத்துக்கு வழி போட்டேம்மா' என்றால், 'காத்துக்குக்கூடவாடா வழி தெரியாது?' என்பாள்.

"தம்பி." சௌக்கத் அலி பக்கத்தில் வந்து நின்றார். குடையை மடக்கிவிட்டிருந்தார். "வூட்டுல பாக்கட்டும். அதுக்குள்ள நீ எனக்குச் சொல்லு. உங்க நைனா இருபதுன்னாரு. நீ பதினாறு போட்டுகினு நிக்கற. ரெண்டு பேருல யாரு என்கிட்ட டபாய்க்கறது?"

சவரிநாதன் வாயைத் திறந்தார். அந்த வாயைக் கண்டு கேப்டன்கள் நடுங்கியிருக்கிறார்கள். அதற்குள் பாஸ்கல் முந்திக்கொண்டான்.

யோசித்துச் சொன்னான் என்று சொல்ல முடியாது. சொல்லிவிட்டுத்தான் யோசித்தான்.

"நான்தான் மாமா. நைனாகிட்ட இருபதுன்னு நான்தான் சொன்னேன். அப்புறம் வரையும்போது பதினாறு ஆயிடுச்சு. மாத்திச் சொல்ல மறந்துட்டேன்."

"டேய்!" என்றார் சவரிநாதன். அதில் நன்றி இல்லை, அதிர்ச்சி இருந்தது. தன் சரக்கைத் தானே மட்டம் என்று சொல்கிற வியாபாரியை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. அதுவும் தன் வீட்டிலேயே.

"மறந்துட்டியா?" சௌக்கத் அலி தாடியைத் தடவினார். "நாலடிய மறந்துட்ட. நாளைக்கு ஒரு சுவத்தை மறந்துட்டா? கூரைய மறந்துட்டா?"

தண்டபாணி தரையைப் பார்த்துப் பேசினார். "நான் ஒண்ணும் சொல்லல பாய். சின்னப் புள்ள. ஆனா பாருங்க, படம் போடாமலே நம்ம ஏரியாவுல எத்தினி வூடு நிக்குது."

"அதான் நானும் பாக்கறேன்" என்றார் சௌக்கத் அலி. "சவரி, தப்பா நெனச்சுக்காத. தம்பி இன்னும் ஒரு ரெண்டு வருசம் எங்கியாச்சும் வேலை பயகி வரட்டும்..."

"ஏங்க!"

ரோஜா நிறச் சுவருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. உரத்த குரல் இல்லை. ஆனால் மரக் கடையில் ஏலம் கேட்கிறவரின் மனைவிக்கு எத்தனை தூரம் கேட்க வேண்டுமோ அத்தனை தூரம் கேட்டது.

"இருபதடி ஹாலு இன்னாத்துக்குங்க?" என்றார் ரஹீமுன்னிசா.

"நீ இரு. இது ஆம்பளைங்க பேச்சு."

"இப்ப கீற வூட்டுல பத்தடி ஹாலு. அதுலயே தெனம் பாதி மர மார்க்கெட்டு குந்திகினு கீது. இருபதடி போட்டா முழு மார்க்கெட்டும் வரும். டீ போட்டுக் குடுக்கறது யாரு? தண்டபாணியா?"

தண்டபாணி காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி சொருகிக்கொண்டார்.

"நாலு பேரு வந்தா ஒரு மதிப்பு வாணாமா?" என்றார் சௌக்கத் அலி துணியைப் பார்த்து.

"மதிப்பு வேணும்னா வாசல்ல பேரு போட்டுப் பலகை மாட்டிக்குங்க. ஹாலு பதினாறு போதும். பதினாலுகூடப் போதும்."

"பதினாலா! எவன்டி பதினாலடில ஹாலு வப்பான்? பதினெட்டு."

"பதினஞ்சு."

"பதினேழு. அதுக்குக் கீழ ஒரு விரக்கடைகூட எறங்க மாட்டேன்."

"சரி, உங்களுக்கும் வாணாம், எனக்கும் வாணாம். புள்ள போட்டது போட்டபடி கெடக்கட்டும்."

சவரிநாதனின் முகத்தில் காலையிலிருந்து முதல் முறையாக ரத்தம் ஓடியது. "பாய், இந்த அம்மாவைக் கடையில குந்த வச்சிருந்தீங்கன்னா இந்நேரம் ஹார்பரே உங்களுதா இருந்திருக்கும்" என்றார்.

"வூட்டுல குந்தவச்சதுக்கே இந்தப் பாடு" என்றார் சௌக்கத் அலி. ஆனால் சிரிக்கவில்லை. பாஸ்கல் பக்கம் திரும்பினார். "பதினாறே இருக்கட்டும். படமும் உன் படமே இருக்கட்டும். ஆனா ஒண்ணு. இனிமே நீ போடற ஒவ்வொரு கோட்டையும் தண்டபாணி டேப்பு வச்சுப் பாப்பான். சொல்றது ஒண்ணு, படத்துல ஒண்ணு, தரையில ஒண்ணுன்னு இன்னொரு வாட்டி வந்துச்சு, படத்தச் சுருட்டிகினு போய்கினே இரு. சரியா?"

"சரி மாமா."

வீடு பிழைத்துவிட்டது. முகம் தெரியாத ஒரு பெண்மணி ஒரு பெட்ஷீட்டுக்குப் பின்னால் நின்று அதை வாங்கிக் கொடுத்திருந்தார். சந்தோஷப்பட வேண்டுமா, வெட்கப்பட வேண்டுமா என்று பாஸ்கலுக்குத் தெரியவில்லை. அவன் போட்ட ஹால் நல்ல ஹால் என்பதற்காக அது பிழைக்கவில்லை. டீ போட முடியாது என்பதற்காகப் பிழைத்தது.

ஜட்கா திரும்பிப் போகிற வரைக்கும் உட்காரலாம் என்று சவரிநாதன் மகனை எதிர்சாரி டீக்கடைக்குக் கூட்டிப்போனார். சிங்கிள் டீக்கே சர்க்கரை கம்மி என்று வம்பு வளர்க்கிற மனிதர், கேட்காமலே இரண்டு முழு டீ சொன்னார். மகனைப் பார்க்காமலே குடித்தார்.

"எவன்டா உன்னிய அப்படிச் சொல்லச் சொன்னது?"

"வேற இன்னா நைனா சொல்றது?"

"எதுனா சொல்லியிருக்கலாம். தெலுங்கு அடி, இங்கிலீஷ் அடின்னு எதுனா. உன் தலையிலயா போட்டுக்குவ?" கிளாஸை வைத்தார். "பன் துன்றியா?" என்றார்.

சவரிநாதன் வாயிலிருந்து அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்க முடியாது என்று பாஸ்கலுக்குத் தெரியும். "வாணாம் நைனா" என்றான்.

ஜட்கா மணியடித்துக்கொண்டு ரோட்டில் ஏறித் தெற்கே திரும்பியது. பிலோமி மண்ணில் கால் புதையப் புதைய ஓடி வந்தாள். அப்பாவைத் தாண்டி அண்ணன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அண்ணே, பின்சுவத்துக் கோட்டை ஒரு எடத்துல அந்தம்மா காலால தேச்சு அழிச்சிட்டாங்க."

"தெரியாம மிதிச்சுட்டாங்களா?"

"தெரியாமயா? சேலையைத் தூக்கிப் புடிச்சுகினு, இந்தாண்ட ஒரு தேய்ப்பு, அந்தாண்ட ஒரு தேய்ப்பு. ஒரு ஆளு போற அளவு. 'இங்க எனக்கு ஒரு வாசல் வேணும்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு. அவரு காதுக்கு மட்டும் போவக் கூடாது'ன்னாங்க."

"எவரு காதுக்கு?"

"வேற யாரு, சௌக்கத் மாமா காதுக்குத்தான்!"

"அவரு வூட்டுல அவருக்குத் தெரியாம வாசலா? எதுக்காம்?"

"கேட்டேனே. 'உங்க அண்ணன் நல்ல புள்ள, நைனாவுக்காகப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிச்சு, எல்லாம் கேட்டுகினுதான் இருந்தேன், உங்க நைனா ஏத்திச் சொல்றது எனக்குத் தெரியாதா? அது காரணமெல்லாம் கேக்காது'ன்னு சொல்லிட்டு ஏறிட்டாங்க."

பாஸ்கல் மனையைத் திரும்பிப் பார்த்தான். நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர். ஹாலைக் காப்பாற்றிக் கொடுத்தவர் இன்னொருவர். தான் யாருக்காக வீடு கட்டுகிறோம் என்பது ஆர்க்கிடெக்டுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். தெரிந்துதான் இருந்தது, டீ குடிக்கப் போகிற வரைக்கும்.

போய் அந்த இடத்தில் கொஞ்சம் சுண்ணாம்பைத் தூவிவிடலாமா? அந்த அம்மாள் சொன்னதை அழிப்பதா? அழிக்காமல் விடுவதா? அவன் முடிவு செய்வதற்குள் தண்டபாணியின் ஆட்கள் படுதாக்களை அவிழ்த்து மடிக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒவ்வொரு சுவராக வீடு காணாமல் போயிற்று. கடைசியாகப் பின்சுவர் போனது.

"பாய், கொஞ்சம் இங்க வாங்க" என்றார் தண்டபாணி.

எல்லாரும் போனார்கள். பின்கோடு நேராக வந்து, நடுவில் நின்று, ஒரு ஆள் அகலம் விட்டு, மறுபடி ஆரம்பித்தது.

"காலையில நான் போட்டப்ப இது முழுக் கோடு." தண்டபாணி படத்தை வாங்கித் தரையில் விரித்து நான்கு மூலைக்கும் கல் வைத்தார். "படத்துலயும் இங்க வாசல் கிடையாது."

"படுதா இழுக்கறப்ப அழிஞ்சிருக்கும் பாய்" என்றார் சவரிநாதன் சட்டென்று. என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சரக்கு எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்.

"ரெண்டு பக்கமும் வெட்டுனாப்ல நிக்குது" என்றார் தண்டபாணி. "படுதா அளந்து பாத்தா அழிக்கும்?"

சௌக்கத் அலி படத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு பாஸ்கலைப் பார்த்தார்.

"இன்னா தம்பி? அதுக்குள்ளயா?"

தெரியாது என்று சொன்னால் போதும். தண்டபாணி ஒரு கை சுண்ணாம்பில் இடைவெளியை மூடிவிடுவார். மவுண்ட் ரோட்டை விட்டுவிட்டு வந்தவனுக்கு வீடு மிஞ்சும். அந்த வீட்டை வாங்கிக் கொடுத்தவருக்குக் கேட்ட வாசல் மிஞ்சாது. பிலோமி தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாசல்தான் மாமா" என்றான் பாஸ்கல். தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. "நான்தான் பிலோமிகிட்ட அழிச்சு விடச் சொன்னேன். படத்துல இன்னும் ஏத்தல."

"பின்னாடி சவுக்குத் தோப்பு. அதுக்கு அந்தாண்ட கடலு. ஒரு ஜனம் கிடையாது." சௌக்கத் அலி குடையால் அந்த இடைவெளியைத் தொட்டுக் காட்டினார். கோபமாகக் கேட்கவில்லை, புரியாமல் கேட்டார். "என் வூட்டுல, அங்க எனக்கு எதுக்குப்பா வாசல்?"

எல்லாரும் அவனையே பார்த்தார்கள். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவன் பாஸ்கல். இந்த வாசலுக்குக் காரணம் தெரிந்த ஒரே ஆள், படுதா போட்ட ஜட்காவில் தண்டையார்பேட்டையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்.